சிறந்த நடிகை நாகசுந்தரம்

எங்கயோ பாத்த மொகமா இருக்கேன்னுதானே பஸ் ஏறினதுலேர்ந்து ஓரக்கண்ணால பாத்துக்கிட்டே வர்றீங்க? கேட்டுட வேண்டியதுதானே. டீச்சரா நீங்க? கையில சாக்பீஸ் ஒட்டியிருக்கு, அதான் கேட்டேன். சினிமாவான்னு யோசிக்காதீங்க டீச்சரம்மா, சினிமா இல்ல. நாடகம். சின்ன வயசுல திருச்சியில இருந்தீங்களா? அப்பா தபால் ஆபீஸா? அப்ப சரிதான். உங்கப்பா கையைப் புடிச்சுக்கிட்டு வந்து முன்வரிசையில உக்காந்து பாத்திருப்பீங்க. வனஜாட்சி. பேரு கேட்ட மாதிரி இருக்கா? இல்லையா? சரி, விடுங்க. நோட்டீசுல போட்டிருந்தாத்தானே கேட்ட மாதிரி இருக்கும்!

ரயில்வே கேட் போட்டுட்டான், பாருங்க. டிரைவரே எறங்கிப் பீடி பத்த வச்சுட்டாரு. கூட்ஸு போயி, அதுக்கப்புறம் பாசஞ்சர் போயி, அப்புறம்தான் தொறப்பான். அதுக்குள்ள ஒரு அநியாயத்தைச் சொல்றேன், கேளுங்க. நான் யார் மேலயும் வன்மம் வச்சுக்கற ஆள் இல்ல. அம்பத்தெட்டுல நடந்தது. எப்பவோ மறந்துட்டேன். ஆனா அந்த நாகசுந்தரம் பேரைச் சொன்னா மட்டும் இன்னும் பத்திக்கிட்டு வருது.

அப்பல்லாம் திருச்சியில ஆபீசுக்கு ஒரு நாடகக் குழு. பகல்ல ஸ்டாம்புல முத்திரை குத்துறவன், சாயங்காலம் ராஜாதி ராஜன். தபால் ஆபீசுக்காரங்க ஒரு குழு, வாத்தியார்ங்க ஒரு குழு, வக்கீல் குமாஸ்தாங்க ஒண்ணு, முனிசிபாலிட்டி ஒண்ணு, நூல் மில்லு ஒண்ணு. ஆம்பளை வேசமெல்லாம் அவங்களே கட்டிக்குவாங்க. பொம்பளை வேசத்துக்கு மட்டும் வெளியிலேர்ந்து ஆள் எடுக்கணும். ஏன், உங்க வீட்டுப் பொம்பளைங்களை நடிக்க வைக்கலாமேன்னு ஒரு தடவை கேட்டேன். அய்யய்யோன்னு காதைப் பொத்திக்கிட்டாங்க. கலைதான் உயிரு. ஆனா அது அடுத்த வீட்டு உயிரா இருக்கணும்.

அந்த ஆள் நான்தான். எல்லாக் குழுவுக்கும் நான்தான். இன்னொருத்தி இருந்தா, தஞ்சாவூர்க்காரி, கண்ணு ரெண்டும் நல்லா இருக்கும், நடிப்பு வராது. அவ அம்பத்தேழோட சினிமாவுக்குன்னு மெட்ராஸ் ரயிலேறிட்டா. அப்புறம் ஊர்ல நான் ஒருத்திதான். திங்கக்கிழமை விதவை, செவ்வாக்கிழமை ராணி, புதன்கிழமை மாமியார். ஒரு நாள் மாறிப்போயி ராணி வசனத்தை விதவை சேலையில பேசிட்டேன். ஒருத்தனும் கண்டுபிடிக்கல. கைதான் தட்டினாங்க.

காவேரி நாடக ரசிகர் மன்றம்னு ஒண்ணு இருந்துச்சு. வருசா வருசம் தை மாசம் நாடகப் போட்டி வைப்பாங்க. கடைசி நாளு பரிசளிப்பு விழா. அது ஒரு தனி நாடகம், டீச்சரம்மா. சிறந்த நாடகத்துக்குக் கேடயம், சிறந்த நடிகருக்கு வெள்ளிக் கோப்பை, சிறந்த நடிகைக்கு வெள்ளிக் கோப்பை, சிரிப்பு நடிகருக்கு ஒண்ணு, வில்லனுக்கு ஒண்ணு, ஒப்பனைக்கு ஒண்ணு. யாருக்கும் கெடைக்காமப் போயிடக் கூடாதுன்னு, சிறந்த திரை இழுப்புக்குக்கூட ஒரு வருசம் குடுத்தாங்க. சிரிப்பு நடிகர் பரிசு எப்பவும் முனிசிபாலிட்டி வரி வசூல் குமாஸ்தாவுக்குத்தான். அந்த மனுசன் பேசினா ஈ எறும்பு சிரிக்காது. ஆனா அவர்கிட்ட வரி பாக்கி வச்சவங்க பாதி ஊரு. முன்வரிசையில உக்காந்து விழுந்து விழுந்து சிரிப்பாங்க.

அந்த விழாவுல ஒரு வழக்கம் இருந்துச்சு. அதான் விசயமே. ஆம்பளைக்குப் பரிசு கெடைச்சா பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க, அவன் ஏறி மாலை போட்டுக்கிட்டு வாங்கிக்குவான். நடிகைக்குக் கெடைச்சா மட்டும் நடிகை ஏறக்கூடாது. ஏன்னா அவ குழுவுல மெம்பர் இல்ல, கூலிக்கு வந்தவ. அதனால, "நடிகை சார்பில் குழுவின் செயலாளர் பெற்றுக்கொள்வார்"னு மைக்குல சொல்லுவாங்க. அவரு வேட்டியை இறுக்கிக்கிட்டு ஏறி, மாலையையும் வாங்கி, கோப்பையையும் வாங்கி, போட்டோவுக்கும் நின்னுட்டு எறங்குவாரு. கோப்பை குழுவோட கண்ணாடி அலமாரிக்குப் போயிடும்.

எனக்கு ரெண்டு தடவை கெடைச்சிருக்கு. ரெண்டு தடவையும் நான் பின்னால திரைக்கு அந்தப் பக்கம் நின்னு, என் கோப்பை யாரோட கையிலயோ போறதைப் பாத்தேன். ஒரு நாளு ஆசையா இருந்துச்சுன்னு தபால் ஆபீசுக்காரங்க ரூமுக்குப் போனேன். கேரம் போர்டுக்கு மேல அலமாரி. உள்ள என் கோப்பை. எடுத்துப் பாக்கட்டுமான்னு கேட்டேன். "கை பட்டா வெள்ளி கறுத்துடும்மா"ன்னாரு செயலாளர். வெத்தலை போட்ட கையால அவரு எடுத்துக் காட்டினாரு. என் கை பட்டாத்தான் கறுக்குமாம்.

எனக்கு வேற எதுவும் வேணாம் டீச்சரம்மா. சம்பளத்தைக் கூட்டிக் குடுன்னு நான் கேட்டதில்ல. நாடகம் முடிஞ்சா இட்லிப் பொட்டலத்தைக் குடுத்து ஜட்கா வண்டியில ஏத்தி விட்டுருவாங்க, கூட உக்கார வச்சுச் சாப்பாடு போட மாட்டாங்க. அதையும் கேட்டதில்ல. என் பேரை மைக்குல சொல்லணும். நான் படியேறணும். என் கையில வாங்கணும். அவ்வளவுதான்.

அதனால அம்பத்தெட்டுல ஒரு காரியம் பண்ணினேன். அஞ்சு குழுவும் என்னைத்தான் எடுத்திருந்தாங்க. ஒவ்வொரு குழுவோட மொதல் வேச ஒத்திகைக்கும் போனேன், பவுடர் போட உக்காந்தேன், உக்காந்த எடத்துல கையைக் கட்டிக்கிட்டேன். "பரிசு எனக்கு வந்தா நான்தான் மேடையேறுவேன். சரின்னு சொன்னா மொகத்துல பவுடர். இல்லைன்னா இப்பவே ஜட்கா." வேற ஆளுக்கு எங்க போவாங்க? அஞ்சு செயலாளர்களும் மென்னு முழுங்கிக்கிட்டு, "சரிம்மா, ஏறிக்க"ன்னுட்டாங்க. அந்த மட்டும் ஜெயிச்சாச்சு.

அப்பத்தான் மன்றத்துச் செயலாளர் சபேசன் வந்தாரு. குள்ளமா, எப்பவும் கோட்டுப் போட்டுக்கிட்டு, மாநாட்டுக்குப் போற மாதிரியே இருப்பாரு. "வனஜாட்சி, ஒரு சிக்கல். எல்லா நாடகத்துலயும் நீதான். போட்டின்னா ரெண்டு பேராவது வேணாமா? உனக்கும் உனக்குமே போட்டி வச்சா ஊர் சிரிக்கும். இந்த வருசம் நடிகைப் பரிசே வேணாம்னு கமிட்டியில பேசறாங்க"ன்னாரு.

இத்தனை பாடுபட்டு வழி பண்ணினா, பரிசே இல்லையாமே! "ஆறாவது குழு ஒண்ணு இருக்குல்ல, அரிசி மண்டிக்காரங்க? அதுல பொண்டாட்டி வேசம் இருக்குல்ல?"ன்னு கேட்டேன்.

"அது மண்டிக் கணக்கப்பிள்ளை நாகசுந்தரம் கட்டுறான்."

"கட்டட்டுமே. பொம்பளை வேசத்துக்குத்தானே பரிசு. உள்ள யாரு இருந்தா உங்களுக்கு என்ன?"

சபேசன் யோசிச்சாரு. "விதியில எடம் இருக்கு. ஆனா அவனைப் பாத்தியா? சேலையைக் கட்டினா மூட்டை தூக்குறவன் மாதிரி நடக்குறான். அவனைப் போட்டின்னு சொன்னா என் மானம் போயிடும். பாக்கற மாதிரி இருந்தா யோசிக்கலாம்"னுட்டுப் போயிட்டாரு.

மண்டிக்காரங்க மொதல்ல என்னைத்தான் கூப்பிட்டாங்க. நான்தான் முடியாதுன்னேன். குடிகாரப் புருசன், அடி வாங்குற பொண்டாட்டி, அதான் கதை. புருசன் வேசம் மண்டி முதலாளி. அந்த ஆளு முந்தின வருசம் ஒரு நாடகத்துல கை ஓங்குற கட்டத்துல நெஜமாவே அறைஞ்சுட்டாரு. கேட்டா, "உணர்ச்சிவசப்பட்டுட்டேன்"ங்கறாரு. உணர்ச்சி என் கன்னத்துல மூணு நாள் வீங்கிக் கெடந்துச்சு. இந்த வருசம் உணர்ச்சியெல்லாம் கணக்கப்பிள்ளை கன்னத்துலயே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

இப்ப அவனைப் போயிப் பாக்க வேண்டியதாப் போச்சு. மண்டிக்குப் பின்னால, மூட்டைக்கு நடுவுல ஒத்திகை. போயிப் பாத்தா வயிறெரியுது. ஒல்லியா, கூச்சமா ஒருத்தன், மீசையை மழிச்சுட்டு, அந்த எடத்தைக் கையால மறைச்சுக்கிட்டே வசனம் பேசறான். முந்தானையைத் துண்டு மாதிரி தோள்ல போட்டிருக்கான். அழற கட்டத்துல மூக்கை உறிஞ்சறான், அழுகையைக் காணோம்.

நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. அதைத் தெளிவாச் சொல்லிடறேன், ஏன்னா அப்புறம் ஊரெல்லாம் நான்தான் குருன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். நான் திட்டினேன். அவ்வளவுதான். "ஏண்டா, சேலையை இப்படியா சொருகுவாங்க, இங்க பாரு"ன்னு சொருகிக் காட்டினேன். "அழறதுன்னா மொகத்தைக் கோணிக்கறதில்லடா. அழுகையை அடக்கணும். அடக்கி அடக்கிப் பாத்து முடியாமப் போகணும். உதட்டைக் கடி, கீழ பாரு, முந்தானை நுனியை விரல்ல சுத்து, அப்புறம் ஒரே ஒரு தடவை நிமிந்து ஜனங்களைப் பாரு"ன்னு திட்டினேன். பத்து நாளு சாயங்காலம் தவறாமப் போயித் திட்டினேன். எதுக்கு? தோக்கறதுக்கு ஒருத்தன் வேணும். கொஞ்சம் கௌரவமாத் தோக்கறவனா வேணும். அதுக்கு மேல அவனை ஒரு இஞ்ச் நான் ஏத்தல.

அவன் எல்லாத்துக்கும் "சரிக்கா, சரிக்கா"ம்பான். அப்பாவி மாதிரி மொகம். அதுல ஏமாந்துட்டேன்.

போட்டி நடந்துச்சு. என் அஞ்சு நாடகமும் பிரமாதம். நானே சொல்லக் கூடாது. தபால் ஆபீசு நாடகத்துல விதவையா வந்து அழுதேன், ஒரு இன்ஸ்பெக்டர் சம்சாரம் மயக்கம் போட்டுட்டாங்க. வாத்தியார்ங்க நாடகத்துல ராணி. வக்கீல் குமாஸ்தாங்க நாடகத்துல மாமியார்க் கொடுமையில தவிக்கிற மருமக, முனிசிபாலிட்டி நாடகத்துல கொடுமை பண்ணுற மாமியார். ரெண்டையும் ஒரே வாரத்துல பண்ணினேன்! மில்லு நாடகத்துல ரெட்டைப் பின்னல் போட்டுக் காலேஜ் பொண்ணு. அப்ப எனக்கு முப்பத்தி ரெண்டு. தெரியவே தெரியாது.

கடைசி நாளு மண்டிக்காரங்க நாடகம். பக்கவாட்டுத் திரைக்கிட்ட நின்னு பாத்தேன். பாவம், என்னத்தைக் கிழிக்கிறான்னு பாப்போமேன்னுதான். அவன் உள்ள வந்தான். டீச்சரம்மா, நடந்து வர்றது என் நடை. இடுப்புல கை வைக்கிறது என் கை. முதலாளி வழக்கம் போல உணர்ச்சிவசப்பட்டு ஓங்கி ஒரு அறை விட்டாரு, நெஜமாவே, கடைசி வரிசை வரைக்கும் சத்தம் கேட்டுச்சு. இவன் விழல. உதட்டைக் கடிச்சான். கீழ பாத்தான். முந்தானை நுனியை விரல்ல சுத்தினான். எவ்வளவு நேரம் சுத்தினான்! அப்புறம் நிமிந்து ஒரே ஒரு தடவை ஜனங்களைப் பாத்தான். ஹாலே விக்கிச்சு. எனக்குப் பக்கத்துல நின்ன பெட்ரோமாக்ஸ்காரரு துண்டால கண்ணைத் தொடைச்சாரு. என் கண்ணுலயும் தண்ணி. அது பெட்ரோமாக்ஸ் புகை.

திருட்டுப்பய. ஒரு அசைவு அவனுது இல்ல. அத்தனையும் என்னுது. ஆனா சத்தியமாச் சொல்றேன், பயம் வரல. என்ன இருந்தாலும் அவன் ஒரே ஒரு நாடகம், நான் அஞ்சு. ஒண்ணு பெருசா, அஞ்சு பெருசா?

பரிசளிப்பு அன்னிக்கு ஊதாக் கலர் பட்டுச்சேலை கட்டிக்கிட்டுப் போனேன். அதுவரைக்கும் விழாவுக்குப் பின்வாசல்தான் எனக்கு. அன்னிக்கு முன்வாசல் வழியாப் போயி, மூணாவது வரிசையில, படிக்கட்டுக்கு நேரா உக்காந்தேன். தலைமை விருந்தினர் ஒரு ரிட்டயர்டு ஜட்ஜு. ஒரு நாடகத்தையும் பாக்காதவரு. மேடையிலயும் பாதி நேரம் தூங்கினாரு. பாவம், எத்தனை வருசம் கோர்ட்டுல பழகினதோ.

சிரிப்பு நடிகர் முடிஞ்சுது. வழக்கம் போல வரி வசூல். வில்லன் முடிஞ்சுது. அப்புறம் சபேசன் மைக்குக்கிட்ட போனாரு. "அடுத்ததாக, சிறந்த நடிகைக்கான வெள்ளிக் கோப்பையைப் பெறுபவர்..."னு ஆரம்பிச்சாரு. உடனே மைக்கு கீச்சுன்னு கத்த ஆரம்பிச்சுடுச்சு. அவரு அதைத் தட்டறாரு, ஊதறாரு, மைக்செட்டுக்காரர் ஓடறாரு. நான் எதுக்குக் காத்துக்கிட்டிருக்கணும்? ஹால்ல என்னை விட்டா நடிகைன்னு வேற யாரு இருக்கா? எழுந்தேன். படியேறினேன். அந்தப் படி எப்படி இருந்துச்சு தெரியுமா? அஞ்சே படிதான். ஆனா எனக்குக் காலு தரையில இல்ல.

ஜட்ஜு முழிச்சுப் பாத்தாரு. நடிகைப் பரிசு, எதிர்ல பட்டுச்சேலையில ஒரு பொம்பளை. அவருக்கு வேற என்ன சாட்சி வேணும்? "ரொம்ப நல்லா நடிச்சேம்மா"ன்னு கோப்பையைத் தூக்கிக் கையில குடுத்துட்டாரு. போட்டோக்காரர் பளிச்சுன்னு ஒண்ணு எடுத்துட்டாரு. வெள்ளி ஜில்லுன்னு இருந்துச்சு. கறுக்கல.

மைக்கு சரியாச்சு. சபேசன் திரும்பிக்கூடப் பாக்காமப் படிச்சாரு. "அரிசி மண்டி நாடகக் குழு, திரு. நாகசுந்தரம்."

யாரோ ஒருத்தர் களுக்குன்னு சிரிச்சாரு. அப்புறம் ஹாலே சிரிச்சுது. நாகசுந்தரம் எழுந்து, பாதி மொளைச்ச மீசையோட, படியில ஒரு காலும் கீழ ஒரு காலுமா நிக்கிறான். மண்டி முதலாளி பின்னாலேர்ந்து, "ஏறுடா"ன்னு தள்ளறாரு. அவன் மேல வந்து, "அக்கா... முதலாளி பாக்கறாரு... குடுத்துடுங்கக்கா"ன்னு ஒரு பக்கத்துப் பிடியைப் புடிச்சுக்கிட்டான். இன்னொரு பக்கத்துப் பிடி என் கையில. போட்டோக்காரர் அதையும் எடுத்தாரு.

எப்படித் தோத்தேன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. நடுவருங்க அஞ்சு பேரு. அதுல மூணு பேரு எனக்குத்தான் போட்டிருக்காங்க! ஒருத்தரு விதவைக்கு, ஒருத்தரு ராணிக்கு, ஒருத்தரு மாமியாருக்கு. மிச்சம் ரெண்டு பேரு நாகசுந்தரத்துக்கு. ஆளுக்குப் பரிசு இல்லையாம், வேசத்துக்குத்தான் பரிசாம். விதவைக்கு ஒண்ணு, ராணிக்கு ஒண்ணு, மாமியாருக்கு ஒண்ணு, குடிகாரன் பொண்டாட்டிக்கு ரெண்டு. என்னை நானே மூணாக் கிழிச்சுத் தோக்கடிச்சிருக்கேன். அந்தக் குடிகாரன் பொண்டாட்டி மட்டும் யாரு? அதுவும் நான்தானே! நீங்க கணக்கு டீச்சரா? சொல்லுங்க, இது எந்த ஊருக் கணக்கு?

ஆனா மேடையில நிக்கறப்ப இதெல்லாம் தெரியாது. சபேசன் பல்லைக் கடிச்சுக்கிட்டு, "எறங்கும்மா, அசிங்கம் பண்ணாதே"ங்கறாரு. எறங்கினேன்னா செத்தேன். அதுக்கப்புறம் இந்த ஊர்ல எந்த மேடையிலயும் எனக்கு மொகம் இல்ல. கோப்பையை விடாம, இன்னொரு கையால மைக்கைப் புடிச்சு இழுத்தேன்.

"அய்யா, பெரியவங்களே, நான் ஒண்ணும் தப்பா ஏறலை. நடிகைக்குப் பரிசு கெடைச்சா நடிகை ஏறக்கூடாது, அவங்க சார்பில வேற ஒருத்தர் வாங்கிக்கணும். அதுதானே இந்த மன்றத்து வழக்கம்? இத்தனை வருசமா நடிகை பொம்பளையா இருந்தா, அதனால ஆம்பளைங்க வாங்கினீங்க. இந்த வருசம் நடிகை ஆம்பளையாப் போயிட்டாரு. அதனால நடிகை நாகசுந்தரம் அவர்கள் சார்பில் இந்தப் பரிசை வனஜாட்சியாகிய நான் பெற்றுக்கொள்கிறேன். வழக்கம் கெட்டுப் போகக் கூடாது பாருங்க."

அப்ப ஒரு விசில் வந்துச்சு. பின்வரிசையிலேர்ந்து. அப்புறம் ஹால் கூரை பிச்சுக்கிட்டுப் போகாத குறைதான். நாகசுந்தரம் பிடியை விட்டுட்டான். ஜட்ஜும் கை தட்டினாரு. நன்றியுரைன்னு நெனைச்சிருப்பாரு. நான் கும்பிடு போட்டுட்டு, கோப்பையை இடுப்புல குடம் மாதிரி வச்சுக்கிட்டு, முன்வாசல் வழியா எறங்கிப் போயி ஜட்காவுல ஏறிட்டேன்.

மறுநாள் காலையில அவன் வீட்டு வாசல்ல வந்து நிக்கிறான். "கோப்பை இல்லாம மண்டிக்குள்ள காலை வைக்காதேன்னு முதலாளி சொல்லிட்டாருக்கா." உள்ள கூப்பிட்டுக் காபி குடுத்தேன். சார்பில வாங்கினவங்ககிட்டதான் கோப்பை இருக்கணும், அதான் முறை, உங்க முதலாளிகிட்ட போயிச் சொல்லுன்னேன். சரிக்கான்னான். காபியைக் குடிச்சுட்டு, "ஒரே ஒரு தடவை கையில வாங்கிப் பாக்கட்டுமாக்கா? மேடையில சரியாப் பாக்கவே இல்ல"ன்னான். அதான் எதிர்லயே இருக்குல்ல, பாத்தாப் போதாதா, கையில எதுக்குன்னுட்டேன். என்ன ஆசை பாருங்க அவனுக்கு! நாளைக்கு வேற வேசம் கட்டினா வேற கோப்பை கெடைக்கப் போகுது, ஆம்பளைதானே. கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போயிட்டான். முதலாளி வேலையை விட்டு எடுக்கல. வேற யாரு அறை வாங்குவாங்க?

இதோட முடிஞ்சிருந்தாப் பரவாயில்ல. அஞ்சு செயலாளர்களும் ஒண்ணாச் சேந்து, இனிமே வனஜாட்சியைக் கூப்பிடறதில்லன்னு முடிவு பண்ணிட்டாங்க. ஒரு நாடகத்துக்குக்கூட ஒத்துமையா இருந்ததில்ல அந்த அஞ்சு பேரும். அடுத்த வருசம் மதுரையிலேர்ந்து கோகிலான்னு ஒரு பொண்ணைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. அஞ்சு நாடகத்துலயும் அவதான். எனக்குத் திருவிழா நாடகம்தான் மிச்சம். லால்குடி, முசிறி, தொட்டியம்னு புழுதி தின்னுக்கிட்டு அலைஞ்சேன்.

மன்றத்துல ரெண்டு புது விதி போட்டாங்க. பரிசு வாங்குறவங்க அவங்களேதான் மேடைக்கு வந்து வாங்கணும், அவங்க சார்பில வேற யாரும் வரக்கூடாது. இது ஒண்ணு. ஒருத்தர் பல நாடகத்துல நடிச்சா எல்லா மார்க்கையும் ஒண்ணாக் கூட்டணும். இது ரெண்டு. ரெண்டும் என்னை அவமானப்படுத்தறதுக்குன்னே போட்டது. கேட்ட உடனே எனக்குப் புரிஞ்சுபோச்சு.

என்ன டீச்சரம்மா சிரிக்கிறீங்க? நான் கேட்டதுதானேங்கறீங்களா? கேட்டேன். எனக்குக் கேட்டேன். ஊருக்கா கேட்டேன்?

விழாவுக்குப் போனேன். போகக் கூடாதுன்னுதான் இருந்தேன். அந்தப் பொண்ணு என்னதான் பண்ணிக் கிழிக்குதுன்னு பாக்கணுமில்ல? டிக்கெட் வாங்கிக்கிட்டுப் போயி கடைசி பெஞ்சுல, சுவரோரமா உக்காந்தேன். சாதாச் சேலைதான். யாரும் கவனிக்கல. சிரிப்பு நடிகர் ஆச்சு, வில்லன் ஆச்சு. சபேசன் மைக்குக்கிட்ட வந்து, "சிறந்த நடிகை"ன்னாரு.

எழுந்துட்டேன்.

வேணும்னு இல்ல டீச்சரம்மா. காலு தானா எழுந்துடுச்சு. பழக்கதோசம்னு சொல்லலாம்னா ஒரே ஒரு தடவை ஏறினதுக்குப் பழக்கம் எங்கேர்ந்து வரும்? பெஞ்சு வேற கிரீச்சுன்னு சத்தம் போட்டுச்சு. பாதி ஹாலு திரும்பிடுச்சு. என்னைத் தெரியாதவங்க யாரு அங்க? "வனஜாட்சி, வனஜாட்சி"ன்னு குசுகுசுங்கறாங்க. அதுக்குள்ள சபேசன், "குமாரி கோகிலா"ன்னு பேரைப் படிச்சுட்டாரு. உக்காரலாம்னா வெக்கமா இருக்கு. நிக்கலாம்னா அதுவும் வெக்கம். நின்னுக்கிட்டு என்ன பண்றது? கையைத் தட்டினேன். வேற வழி இல்லாமத் தட்டினேன்.

எனக்கு முன் பெஞ்சுல இருந்தவரு எழுந்து தட்டினாரு. அதைப் பாத்து அதுக்கு முன்னால இருக்கறவங்க எழுந்தாங்க. கொஞ்ச நேரத்துல மொத்த ஹாலும் எழுந்து நின்னு தட்டுது. அந்த மன்றத்துல எந்த ராஜபார்ட்டுக்கும் அப்படி நடந்ததில்ல. மறுநாள் ஒருத்தர் வீடு தேடி வந்து, "உங்க பெருந்தன்மை யாருக்கு வரும்"ங்கறாரு. என்ன பெருந்தன்மை? அன்னிக்கு எனக்கு வயித்துல நெருப்பு. அந்தப் பொண்ணு ஒரு சண்டை போட்டாளா, ஒரு வார்த்தை கேட்டாளா? பேரைக் கூப்பிட்டாங்க, போனா. பதினெட்டு வயசு. இழுத்துச் சொருகின முந்தானை. அந்தச் சொருகலைப் பாத்தா எனக்குத் தெரியாதா அது யாருதுன்னு. இங்கேயும் அந்த நாகசுந்தரம்தான் குரு வேலை பாத்திருக்கான்.

கேட் தொறக்கறான் பாருங்க. டிரைவர் ஏறிட்டாரு. இன்னும் ஒண்ணுதான், சொல்லிடறேன். அவ கோப்பையை வாங்கினா. ரெண்டு கையாலயும் வாங்கினா. வாங்கிட்டு எறங்காம, கூட்டத்துக்கு மேல எட்டிப் பாத்து, கோப்பையைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, கடைசி வரிசையைப் பாத்துக் குனிஞ்சு கும்பிட்டா. யாரோ பெரிய மனுசங்க வந்திருக்காங்க போலிருக்குன்னு நானும் திரும்பிப் பாத்தேன். எனக்குப் பின்னால சுவருதான் இருந்துச்சு.